வாட்டர்கலர் படம் முடிஞ்சிருச்சுன்னு எப்ப தெரியும்? கடைசி அரைமணி நேரத்துலதான் கெடுத்துக்கிட்டே இருக்கேன்

பாம்பன்_வத்தை

எல்லாருக்கும் வணக்கம். ஊரு பாம்பன். வாட்டர்கலர் வரைய ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆகப்போகுது, யார்கிட்டயும் போய் கத்துக்கல, யூடியூப் பாத்துத்தான். ஒரே ஒரு பிரச்சனை ஆரம்பத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் தீரல, அதான் இங்க கேக்குறேன்.

நேத்து காலைல ஆறு மணிக்கு வடகடல் பக்கம் போய் உக்காந்தேன். கச்சான், அதான் தென்மேற்குக் காத்து அடிக்கிற காலம்ங்கிறதால தெக்க கடல் கொந்தளிப்பு, வத்தை (எங்க ஊர் படகு) நிறைய வடக்க வந்து நங்கூரம் போட்டுக் கெடக்கு. வானத்துக்கு ஒரு வாஷ் (தண்ணியா ஒரு கலர் பூச்சு), கடலுக்கு ஒரு வாஷ், நாலு வத்தை, தூரத்துல பாலம் ஒரு கோடு மாதிரி. ஆறே முக்காலுக்குப் பாத்தா உண்மையிலேயே நல்லா இருந்துச்சு, போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். அதோட எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல. பாலத்துக்குத் தூண் போடலாமேன்னு போட்டேன், தூண் போட்டதும் வானம் வெளிறின மாதிரி தெரிஞ்சுச்சு, வானத்துக்கு இன்னொரு கோட்டு குடுத்தேன், அது காலிஃபிளவர் மாதிரி பூத்துருச்சு, அத மறைக்க மேகம் போட்டேன், மேகத்துக்கு ஏத்தாப்புல கடல இருட்டாக்குனேன், இப்புடியே போய் ஏழரைக்குப் பாத்தா மொத்தமும் களிமண்ணு கலர். ஆறே முக்கால் போட்டோவையும் ஏழரை மணி படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கும்போது தொண்டைய அடைக்குது.

இது ஒரு நாள் கதை இல்ல. முப்பது படத்துல இருபத்தஞ்சு இப்புடித்தான் போச்சு. முடிஞ்சிருச்சுன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எதாவது கணக்கு இருக்கா? அனுபவம் வந்தா தானா தெரியும்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த அனுபவம் எதப் பாத்து வருதுன்னு சொல்லுங்க.

கீழக்கரை_நீலம்

எனக்கும் இதே வியாதிதான் காக்கா (எங்க ஊர்ல அண்ணன்னு அர்த்தம்). நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ மேலருந்து ஒரு போட்டோ எடுத்துருவேன், அப்ப பாக்க மாட்டேன். மறுநாள் எல்லாத்தையும் வரிசையா பாப்பேன். எங்க உயிர் போச்சுன்னு அப்ப பளிச்சுனு தெரியும். எனக்கு பெரும்பாலும் மூணாவது நாலாவது போட்டோலயே படம் முடிஞ்சு போயிருக்கும், அதுக்கப்புறம் அரைமணி நேரம் சும்மா தடவிக்கிட்டு இருந்திருப்பேன். ஆனா இது மறுநாள்தான் தெரியுது, வரையிற நேரத்துல தெரிய மாட்டேங்குது. அதுக்கு பதில் யாராவது சொன்னா எனக்கும் உதவும்.

என்ன பேப்பர்ல வரையிறீங்க?

பாம்பன்_வத்தை

தடிமன் 300 ஜிஎஸ்எம்தான், ஆனா காட்டன் இல்ல, சாதா பேப்பர். பெயிண்ட் கேமல் ட்யூப்.

ஈரத்தாள்

தம்பி, நான் ராம்நாட்ல டிராயிங் டீச்சர், இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். உங்க படம் கெட்டது தூண்ல இல்ல, தூண் போட்டதும் வானம் வெளிறின மாதிரி தெரிஞ்சுச்சுன்னு சொல்றீங்களே அங்கதான். அது தூணால வெளிறல. காஞ்சதால வெளிறிருச்சு. வாட்டர்கலர் ஈரமா இருக்கும்போது ஒரு கலர், காஞ்சா அதுல இருந்து ஒரு படி கொறஞ்சு போகும், எந்த கம்பெனி பெயிண்டா இருந்தாலும். நீங்க ஆறே முக்காலுக்கு பாத்து சந்தோசப்பட்டது பாதி ஈரமா இருந்த படம். ஏழு மணிக்கு அது காஞ்சு தன்னோட நெச கலருக்கு வந்துச்சு, நீங்க எதோ கொறஞ்சு போச்சுன்னு நெனச்சு ரொப்ப ஆரம்பிச்சுட்டீங்க. அதனால மொத விசயம், ஈரத்துல இருக்கும்போது முடிஞ்சுதா முடியலயான்னு தீர்ப்பே சொல்லக்கூடாது. அந்த நேரத்துல கண்ணு பொய் சொல்லும்.

ரெண்டாவது அந்தக் காலிஃபிளவர். பேப்பர் தளதளன்னு மினுக்கும்போது கலர் விட்டா அது பாட்டுக்குப் பரவும், ஒண்ணும் ஆகாது. நல்லா காஞ்சப்புறம் விட்டாலும் ஒண்ணும் ஆகாது. அந்த மினுமினுப்பு அடங்கி, ஆனா உள்ள ஈரம் இருக்கிற ஒரு நேரம் இருக்கு பாத்தீங்களா, அதுல தண்ணி தூக்கலா இருக்கிற பிரஷ்ஷ வச்சா புதுத்தண்ணி பழைய கலர ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போய் பூ மாதிரி நிக்கும். நம்ம ஊர்ல இதுல ஒரு தந்திரம் இருக்கு. கச்சான் காத்துல பேப்பரோட மேல்பக்கம் ரெண்டு நிமிசத்துல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள காஞ்சிருக்காது. ஐப்பசி கார்த்திகைல வாடை அடிக்கும்போது அரைமணி ஆனாலும் காயாது. அதனால பாத்து முடிவு பண்ணாதீங்க, புறங்கைய பேப்பர் மேல லேசா வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருந்தா இன்னும் ஈரம் இருக்கு. என் பிள்ளைகளுக்கு மொத நாளே இதத்தான் சொல்லிக் குடுப்பேன்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். படம் முடியிறது முடிவுல தெரியிற விசயம்னு நெனைக்கிறீங்க. எனக்கு அது உக்காரும்போதே தெரிஞ்சிருக்கணும். நான் பேப்பர திருப்பி பின்பக்கம் பென்சில்ல ஒரு வரி எழுதுவேன், இன்னைக்கு எதுக்காக இங்க உக்காந்தேன்னு. தேவிபட்டினத்துல ஒரு தடவ கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாணக் கல்லுகள வரைஞ்சேன். பின்னாடி எழுதுனது, "கல்லு தண்ணிக்குள்ள நிக்குது". அம்புட்டுத்தான். அந்த ஒம்பது கல்லும் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி வந்துருச்சு, கல்லோட அடி தண்ணில கரையிற எடம் நல்லா விழுந்துச்சு. அப்ப சுத்தி இருக்கிற நடைபாதை போடல, குளிக்கிற சனங்க போடல, கோயில் போடல. கையி துறுதுறுன்னுச்சு. பேப்பர திருப்பி அந்த வரியப் படிச்சேன். நடைபாதைக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்ல. பிரஷ்ஷ கழுவிட்டேன். இன்னைக்கும் என் வீட்டுச் சுவர்ல இருக்கிறது அந்தப் படம்தான்.

நேத்து நீங்க எதுக்காக உக்காந்தீங்க? வத்தைக்கா, வானத்துக்கா, பாலத்துக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல.

தொண்டி_மணல்

டீச்சர் சொன்னதுல ஈரம் பத்தின விசயம் எல்லாம் சரி. ஆனா இந்த "சீக்கிரம் நிப்பாட்டு" பேச்சுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மனசுல பட்டத சொல்லிடுறேன்.

நான் தொண்டி, இப்ப சென்னைல இருக்கேன், ஒரு படத்துக்கு ரெண்டு வாரம் மூணு வாரம் எடுப்பேன். எங்க பாத்தாலும் புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஒரே அட்வைஸ், நிப்பாட்டு, தொடாத, ஃப்ரெஷ்ஷா விடுன்னு. இதனால என்ன ஆகுதுன்னா பாதி வரைஞ்ச படத்த முடிஞ்ச படம்னு சொல்லிக்கிற பழக்கம் வந்துருது. வத்தை கோணலா இருக்கும், நெழல் ஒரு பக்கம் விழும் வெளிச்சம் இன்னொரு பக்கம் இருக்கும், கேட்டா லூஸ் ஸ்டைல்னு சொல்லுவாங்க. பயந்துபோய் நிப்பாட்டுறவனுக்கு கடைசி அரைமணி நேரம்னா என்னன்னே தெரியாம போயிரும், ஏன்னா அவன் அந்த எடத்துக்குப் போனதே இல்ல.

தொட்டுக்கிட்டே இருந்தா செத்துப்போகும்ங்கிறதும் முழுசா உண்மை இல்ல. வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் செஞ்ச வாஷ் முறைய எடுத்துக்கங்க. ஜப்பான்ல இருந்து வந்த ஓவியர்கள் கிட்ட பாத்த விசயத்த வச்சு அவர் உண்டாக்குனது. படத்த வரைஞ்சு காயவிட்டு, மொத்த பேப்பரையும் தண்ணில முக்கி எடுத்து, திரும்ப கலர், திரும்ப முக்கல், இப்புடி எத்தனையோ தடவ. அந்தப் படங்கள்ல இருக்கிற மூட்டம், அந்தி வெளிச்சம் எல்லாம் அப்புடி வந்ததுதான். அது செத்துப்போன படமா?

இங்கிலாந்து ஓவியர் டர்னர சொல்லுவாங்க. 1851ல அவர் செத்தப்புறம் நாட்டுக்குப் போய்ச் சேந்த குவியல்ல முப்பதாயிரத்துக்கு மேல வரைபடமும் வாட்டர்கலரும் இருந்துச்சு. அதுல வெறும் ரெண்டு மூணு வாஷ் மட்டும் போட்டு விட்டது நிறைய, இன்னைக்கு அதையெல்லாம் ஃப்ரேம் போட்டு ஆகா ஓகோன்னு பாக்குறோம். ஆனா அவரு உயிரோட இருக்கும்போது அதெல்லாம் முடிஞ்ச படம்னு கண்காட்சிக்கு வைக்கல. விக்கிறதுக்குக் குடுத்த வாட்டர்கலர்ல எல்லாம் சுரண்டி, ஒத்தி எடுத்து, பொடிப்பொடியா புள்ளி வச்சு அவ்வளவு வேல இருக்கும்.

அதனால தம்பி, உங்களுக்கு நான் சொல்றது, நிப்பாட்டக் கத்துக்கிறதுக்கு முன்னாடி கெடாம தொடரக் கத்துக்கங்க.

ஈரத்தாள்

தொண்டிக்காரரே, நீங்க வருத்தப்படுறது நியாயம். என் வகுப்புலயும் பாக்குறேன், பாதில விட்டுட்டு "மிஸ் இது இம்ப்ரெஷன்"னு நிக்கிற பிள்ளைக இருக்கு. ஆனா நீங்க சொன்ன உதாரணமே என் பக்கம்தான் பேசுது. அவனீந்திரநாத் முறைல ஒவ்வொரு தடவையும் முழுசா காயவிட்டுத்தான் அடுத்தது. எத்தனை லேயர்ங்கிறது பிரச்சனையே இல்ல, எந்த நிலைல தொடுறோம், எதுக்குத் தொடுறோம்ங்கிறதுதான்.

வாட்டர்கலர்ல வெளிச்சம் பெயிண்ட்ல இல்ல, பேப்பர்ல இருக்கு. வெளிச்சம் கலருக்குள்ள புகுந்து வெள்ளைப் பேப்பர்ல பட்டுத் திரும்பி வருது, அதான் அந்தப் பளபளப்பு. காஞ்ச மெல்லிசான லேயர் மேல மெல்லிசான லேயர் போட்டா வெளிச்சம் இன்னும் உள்ள போய்ட்டு வரும். ஈரத்துல திரும்பத் திரும்பத் தேய்ச்சா ரெண்டு விசயம் நடக்குது, அடில இருக்கிற கலர் எந்திரிச்சு மேல இருக்கிறதோட கலந்து சேறாகும், அப்புறம் பேப்பர் மேல பூசியிருக்கிற பசை தேஞ்சு போய் பேப்பர் மை ஒத்துற தாள் மாதிரி ஆயிரும், அதுக்கப்புறம் எந்தக் கலர் வச்சாலும் மங்கலாத்தான் உக்காரும். பாம்பன் தம்பியோட களிமண்ணு கலர் இதுதான். காட்டன் பேப்பர்ல கொஞ்சம் தாங்கும், அவரு வச்சிருக்கிற பேப்பர்ல மூணாவது தேய்ப்புலயே போயிரும்.

டர்னர் பத்தி இன்னொண்ணு. 1818ல அவரு தங்கியிருந்த ஒரு வீட்டுல, போர்க்கப்பல் எம்புட்டுப் பெருசா இருக்கும்னு காட்டுறதுக்கு ஒரு வாட்டர்கலர் வரைஞ்சு குடுத்தாரு. அந்த வீட்டு மூத்த பையன் பக்கத்துல இருந்து பாத்திருக்கான், பேப்பர் ஊறுற வரைக்கும் கலர ஊத்தி, தேச்சு, கிழிச்சு, சுரண்டி, ஒண்ணுமே புரியலையாம், கொஞ்சங் கொஞ்சமா கப்பல் வெளிய வந்துச்சாம். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவுல முடிச்சுட்டாரு. கப்பல் பெருசுன்னு காட்டணும், அதுக்குத்தான் உக்காந்தாரு, அது தெரிஞ்சதும் எந்திரிச்சுட்டாரு. எனக்கு அது ஒரு வரி எழுதி வச்சுக்கிட்டு வரையிற மாதிரிதான் தோணுது.

கீழக்கரை_நீலம்

பேப்பர் பத்தி பேசுறதால என் அனுபவம் ஒண்ணு, இழைக்கு சம்பந்தம் இல்லன்னா மன்னிச்சுக்கங்க. ஏர்வாடி பக்கம் வரையப் போனப்ப தண்ணி தீந்து போச்சுன்னு கடல் தண்ணிலயே பிரஷ் கழுவி முடிச்சேன். அன்னைக்கு அருமையா இருந்துச்சு, உப்பு கலர இழுத்து சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி விழுந்துச்சு, முடிஞ்சிருச்சுன்னு கையெழுத்தும் போட்டுட்டேன். மழைக்காலம் வந்ததும் அந்தப் படம் தானா ஈரமாக ஆரம்பிச்சுருச்சு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்குதுல்ல. வத்தையோட ஓரம் எல்லாம் கசிஞ்சு, பின்பக்கம் பூஞ்சை. நம்ம பக்கம் போர் தண்ணியும் உப்புத்தான், நான் இப்ப கேன் தண்ணி ரெண்டு பாட்டில்ல எடுத்துட்டுப் போயிருவேன், ஒண்ணு கழுவ, ஒண்ணு கலக்க.

ஈரத்தாள் லாத்தா (அக்கா), அந்தப் பின்பக்கம் எழுதுறது நல்ல யோசனை, நாளைக்கே செய்றேன்.

பாம்பன்_வத்தை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சரக்கா கேட்ட கேள்விக்கு ரெண்டு நாளா யோசிச்சேன், நேர்மையா சொன்னா எதுக்கு உக்காந்தேன்னு எனக்கே தெரியல. காலை வெளிச்சம் நல்லா இருந்துச்சு, உக்காந்தேன்.

நேத்து ராத்திரி ஒண்ணு நடந்துச்சு, அத எழுதியே ஆகணும். அப்பா வலை பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் ஆறே முக்கால் போட்டோவ, அதான் நல்லா இருந்த நேரத்துல எடுத்தத, அவருகிட்ட காட்டுனேன். அவரு இதுவரைக்கும் என் படத்தப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு கேட்டாரு, "இது எந்தக் காத்துடா?" கச்சான்தான்பா, இப்ப வரைஞ்சதுன்னேன். "கச்சான்ல வத்தை ஏன் இப்புடிக் குறுக்க நிக்குது? கரைல இருந்துதானே பாத்த? அணியம் அம்புட்டும் ஒன்னப் பாத்துல்ல நிக்கணும்"ன்னாரு.

அணியம்னா படகோட முன்பக்கம். நங்கூரம் போட்ட படகு காத்து வர்ற பக்கம்தான் தலைய வைக்கும், நீரோட்டம் இழுத்தா கொஞ்சம் திரும்பும், அம்புட்டுத்தான். வடகடல் கரைல உக்காந்து கடலப் பாத்தா கச்சான் என் முதுகுப் பக்கம் இருந்து வருது, அப்ப நாலு வத்தையும் என்னப் பாத்து நின்னிருக்கும். நான் ஒவ்வொண்ணையும் பக்கவாட்டுல வரைஞ்சிருக்கேன், அப்புடி வரைஞ்சாத்தான் படகு மாதிரி அழகா இருக்கும்னு. கண்ணு முன்னாடி நின்னத பாக்கவே இல்ல. அப்பா இன்னொண்ணும் சொன்னாரு, வத்தைக்கு அடில ஒண்ணுமே இல்ல, மணல்ல ஏத்தி வச்ச மாதிரி இருக்குன்னு.

ஆறே முக்காலுக்கு முடிஞ்சிருச்சுன்னு நான் இத்தன நாளா அழுத படம் முடியவே இல்ல, சொல்லப்போனா சரியா ஆரம்பிக்கவே இல்ல. அதுக்கப்புறம் தூணு, மேகம்னு தடவுனதெல்லாம் இதத் தேடித்தானோன்னு தோணுது, எதோ கொறையுதுன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு, எதுன்னு தெரியாம வேற எங்கயோ போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்.

தொண்டி_மணல்

தம்பி, உங்க அப்பா சொன்னத நான் என் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். நானும் கடற்கரைல பொறந்தவன்தான், இத்தன வருசத்துல எத்தனையோ படகு வரைஞ்சிருக்கேன், காத்து எந்தப் பக்கம்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

உங்க கடைசி வரி ரொம்ப முக்கியம். கை துறுதுறுங்கிறது எல்லாமே கெட்ட பழக்கம் இல்ல. சில நேரம் படத்துல உண்மையிலேயே ஒரு தப்பு இருக்கு. தப்பு வரைகோட்டுல இருந்தா எத்தன லேயர் போட்டாலும் தீராது, புது பேப்பர்தான் எடுக்கணும். வத்தைக்கு அடில இருட்டு இல்லைங்கிறது அப்புடி இல்ல, அது ரெண்டு பிரஷ் இழுப்புல தீரும். எது எந்த வகைன்னு பிரிச்சுப் பாக்குறதுக்கு டைம் வேணும், அதனாலதான் நான் வாரக்கணக்குல வச்சிருக்கேன்.

சிலை செய்றவங்க கண் திறக்கிறத கடைசியா வைப்பாங்கல்ல, மத்த எல்லாம் முடிஞ்சப்புறம். வாட்டர்கலர்ல எனக்கு அந்தக் கடைசி இருட்டுப் புள்ளிங்கதான் கண்ணு. வத்தைக்கு அடி, கதவுக்கு உள்ள, தூணோட ஒரு பக்கம். மூணு நாலு எடத்துக்கு மேல போகாது. நான் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியா கலந்து வைப்பேன், கறுப்பு ட்யூப் தொடமாட்டேன். அத வச்சப்புறம் திரும்ப வானத்துக்குப் போகக்கூடாதுன்னு எனக்கு நானே வச்சுக்கிட்டது.

ஒரு பயிற்சி சொல்றேன். ஒரே காட்சிய ரெண்டு பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல வரைங்க. ஒண்ணு காயிறப்ப மத்ததுல வேல செய்யலாம், அதுலயே அரைகுறை ஈரத்துல தொடுற பழக்கம் பாதி போயிரும். ஒண்ணுல முடிஞ்சிருச்சோன்னு சந்தேகம் வந்த உடனே விட்டுருங்க. இன்னொண்ணுல போற வரைக்கும் போங்க, கெட்டாலும் பரவால்ல. பத்து ஜோடி சேரட்டும்.

உச்சிப்புளி_பனை

நான் அதிகம் எழுதுறதில்ல, ஆனா எனக்கு வேலைக்கு ஆகுறது ரெண்டு. போன்ல போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாப்பேன், அதுல எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா இன்னும் இருட்டு வேணும், வெளிச்சம் நடு இருட்டு மூணும் பிரிஞ்சு தெரிஞ்சா கை வைக்கிறதில்ல. அப்புறம் ஒரு பழைய அட்டைல சட்டம் மாதிரி வெட்டி வச்சிருக்கேன், அத படத்து மேல வச்சுட்டு எட்டடி தள்ளி நின்னு பாப்பேன். சட்டம் வச்சதும் பாதி குறை காணாம போயிரும், ஏன்னு தெரியல.

ஈரத்தாள்

தம்பி, அப்பாவ இனிமே ஒவ்வொரு படத்துக்கும் பாக்கச் சொல்லுங்க. கடல்காரங்க பார்வைக்கு ஈடு எந்தக் காலேஜ்லயும் கெடைக்காது.

பாம்பன்_வத்தை

மூணு வாரம் கழிச்சு வர்றேன். இதுவரைக்கும் ஆறு ஜோடி முடிச்சிருக்கேன். நாலு ஜோடில சீக்கிரம் விட்டதுதான் நல்லா இருக்கு, ஆனா ரெண்டு ஜோடில கடைசி வரைக்கும் போனதுதான் நல்லா வந்திருக்கு, அத நான் எதிர்பாக்கல. அந்த ரெண்டுலயும் ஒவ்வொரு தடவையும் புறங்கைய வச்சுப் பாத்துட்டுத்தான் தொட்டேன்.

போன ஞாயித்துக்கெழம வரைஞ்சதுக்குப் பின்னாடி "அணியம் காத்தப் பாக்குது"ன்னு எழுதிட்டு உக்காந்தேன். படகு முன்பக்கமா வரையிறது ரொம்பக் கஷ்டம், பென்சில்லயே அரைமணி ஆச்சு. பாலம் போடல, மேகமும் போடல. காலைல எந்திரிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்து சுவத்துல ஒட்டிட்டு ரெண்டு நாள் தொடல. போக வரப் பாத்ததுல மூணு வத்தைக்கு அடி சரியா இருந்துச்சு, எடது ஓரத்துல இருக்கிறது மட்டும் மெதந்துக்கிட்டு இருந்துச்சு. செவ்வாக்கெழம ராத்திரி அதுக்கு மட்டும் ஒரு இழுப்பு குடுத்தேன். பிரஷ்ஷ உடனே கழுவி எறவானத்துல சொருகிட்டேன், கைக்கு எட்டாத எடத்துல.

அப்பா பாத்தாரு. எடது ஓர வத்தைய விரலால காட்டி, இதுக்கு நங்கூரக் கயிறு எங்கன்னு கேட்டாரு. கயிறு போடணுமான்னு மூணு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். பின்னாடி எழுதுன வரிக்கு அது வேணும்னு ஒரு பக்கம் தோணுது, கயிறு இருந்தாத்தானே அணியம் காத்தப் பாத்து நிக்கும். நீங்க என்ன சொல்றீங்க?

தொண்டி_மணல்

போடுங்க. ஒரே இழுப்பு, மெல்லிசா, பாதில அறுந்து தெரிஞ்சாலும் திரும்பத் தொடாதீங்க. நாலுக்கும் போடாதீங்க, முன்னாடி இருக்கிற ஒண்ணுக்குப் போட்டா போதும்.

ஈரத்தாள்

நான் போட வேணாம்னு சொல்லுவேன். அப்பாவுக்கு கயிறு இல்லைன்னு தெரிஞ்சதே வத்தை அவரு கண்ணுக்கு நெசமா நிக்கிறதாலதான். அடுத்த பேப்பர்ல கயிறுக்காகவே உக்காருங்க.

வர்ற ஞாயித்துக்கெழம நான் குந்துகால் பக்கம் வர்றேன், காலைல அஞ்சரைக்கு. காட்டன் பேப்பர் கொஞ்சம் மதுரைல இருந்து வாங்கி வச்சிருக்கேன், ரெண்டு ஷீட் உங்களுக்குத் தர்றேன். அந்தப் படத்தையும் எடுத்துட்டு வாங்க, நேர்ல பாத்துச் சொல்றேன்.

கீழக்கரை_நீலம்

நானும் வரலாமா லாத்தா? கேன் தண்ணி நான் கொண்டு வர்றேன்.